ஒற்றை ஆமென்

ட்ரெப்லிட்ஸ் ஊரில் கடவுளுக்கு எதிரி என்று ஒருவர்கூடக் கிடையாது. சிக்ரூனுக்கு அதுதான் பெரிய தலைவலி. எதிரி இருந்தால் மல்லுக்கட்டலாம். யாராவது திட்டினால் திருப்பி நாலு வார்த்தை சொல்லலாம். எங்கள் ஊரில் யாரும் திட்டுவதில்லை. ஒருவருக்குக் காது கொஞ்சம் மந்தமென்றால் எப்படிப் பெருந்தன்மையாக நடந்துகொள்வார்களோ, அப்படித்தான் அவளுடைய விசுவாசத்திடமும் நடந்துகொள்வார்கள். பாவம், சிக்ரூனுக்கு அது இருக்கிறது. மற்றபடி தங்கமான பொம்பளை.

ரொட்டி வண்டி ஓட்டுகிறவள் அவள். ஊரில் இருந்த ஒரே கடையும் மூடிப்போன பிறகு, பழைய கூட்டுப்பண்ணை முற்றத்தில் வாரம் மூன்று நாள் அவளுடைய வண்டி வந்து நின்று மணி அடிக்கும். பிளாஸ்டிக் பையும் கைத்தடியுமாக ஜனம் வந்து வரிசையில் நிற்கும். ஒவ்வொரு பையையும் நீட்டும்போது, "கர்த்தர் ஆசீர்வதிப்பார்" என்பாள். மெதுவாக முணுமுணுக்கிற பழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்.

"ஆசீர்வாதத்துக்குத் தனிக் காசா, ரொட்டியோட சேர்த்தா?" என்பார் ட்ரேகர். ஒரு காலத்தில் இந்த வட்டாரப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். இப்போது எண்பதுகளில் இருக்கிறார். தினமும் ஷூவுக்குப் பாலிஷ் போடுவதை இன்னும் விடவில்லை.

"சேர்த்துத்தான் சார். வேண்டாம்னு சொன்னாலும் கழிக்க மாட்டோம்."

"போன தடவை ரொட்டி அடியில கருகியிருந்துச்சே. உங்க ஆளு மேலேர்ந்து அடுப்பைப் பாக்குறதில்லையா?"

"அடுப்பு வேற ஆளோட டிபார்ட்மென்ட் சார். நீங்க எப்படியும் அங்கதானே போகப்போறீங்க, நேர்ல கேட்டுக்குங்க."

வரிசையே சிரிக்கும். ட்ரேகர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். சிக்ரூனும் சிரிப்பாள், அவளுக்கு வாய்த் துடுக்கு பிடிக்கும். ஆனால் வண்டியை அடுத்த ஊருக்குத் திருப்பும்போது அந்தச் சிரிப்பு அவளுக்குக் கசந்துவிடும். நாற்பது வருஷமாக அவள் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது ஊருக்கு ஒரு நல்ல நகைச்சுவையாக ஆகியிருக்கிறது.

முன்பெல்லாம் அப்படிச் சிரிக்கவில்லை. முன்பு அது விலை கொடுக்க வேண்டிய பேச்சாக இருந்தது.

அம்மா போனபோது சிக்ரூனுக்குப் பத்தொன்பது வயது. அடுத்து ரெண்டு வருஷத்தில் குடி அப்பாவையும் கொண்டுபோனது. மிச்சம் இருந்தது தம்பி ரெனே, ஒன்பது வயது. அவனை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைந்துவிட்டு வந்து அவனுக்குச் சட்டை தைத்தாள், கணக்குப் பாடம் கேட்டாள், படுக்கும் முன் கையைக் கூப்ப வைத்தாள். கல்யாணப் பேச்சு ஒன்று வந்து நின்றது, பையனோடு சேர்த்து என்றதும் அது எழுந்து போய்விட்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் ஒரு காலத்தில் மேற்படிப்பு ஆசை இருந்தது. பதினாலு வயதில் கோயில் பீடத்தின் முன் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் வாங்கிய பெண் என்பதால் அரசாங்கம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. அது அவளாக எடுத்த முடிவு. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

ரெனேக்குப் பதினாலு வயதாகிற வருஷத்தில்தான் சங்கடம் வந்தது. அந்த நாளில் பதினாலு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் உறுதிமொழி விழாவில் மேடை ஏற வேண்டும். சோஷலிச நாட்டுக்கு விசுவாசமாக இருப்போம் என்று கூட்டமாகச் சொல்ல வேண்டும், பூவும் புத்தகமும் வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். திடப்படுத்தலுக்குப் போட்டியாக அரசாங்கம் கொண்டுவந்த சடங்கு அது. போகாத பிள்ளைக்கு மேல்வகுப்பு கிடையாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கிடைக்காது.

ட்ரேகர் வீடு தேடி வந்தார். சமையலறை மேஜையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நான் உனக்கு எதிரி இல்ல சிக்ரூன். பையன் கணக்குல புலி. கப்பல் கட்டுற படிப்பு, கடலோரத்துல ரோஸ்டாக், எல்லாம் அவனுக்குக் கிடைக்கும். ஒரே ஒரு மத்தியானம். மேடையில நின்னு நாலு வரிக்கு 'ஆமாம்'னு சொல்லணும். அடுத்த வருஷம் உன் கோயில்ல என்ன வேணா பண்ணிக்க. டவுன்ல பாதிப் பேரு ரெண்டையும்தான் பண்றாங்க."

"பாதிப் பேரு பண்ணட்டும் சார்."

"உங்க போதகரே அதுக்கு ஒண்ணும் சொல்றதில்லையே."

"அவரு சொல்லாட்டி என்ன? மனசுல இல்லாததை வாயால சொல்லுன்னு சொல்லி ஒரு புள்ளைய எப்படி வளக்கிறது?"

ட்ரேகர் பெருமூச்சு விட்டார். அவருக்கு நிஜமாகவே பையன்மேல் அக்கறை இருந்தது. மூலையில் நின்ற ரெனேயைப் பார்த்து, "நீ சொல்லுடா. உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"அக்கா சொல்றதுதான்" என்றான் ரெனே.

அந்த வார்த்தையை விசுவாசம் என்று எடுத்துக்கொண்டாள் சிக்ரூன். நன்றியில் கண் கலங்கியது. அப்பா அம்மா இல்லாத பிள்ளைக்கு அக்காவை விட்டால் வேறு யார் என்பது அவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது அவனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது.

மேல்வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. கூரை வேயும் தொழிலுக்கு அனுப்பினார்கள். அந்த வசந்தத்தில் அவன் வகுப்பிலிருந்து அவன் ஒருவன்தான் எங்கள் ஊர்க் கோயில் பீடத்தின் முன் மண்டியிட்டான். பைபிளில் வருகிற, கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான பரமண்டல ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொன்னபோது, குரல் உடைந்துகொண்டிருந்த அந்த வயதில், மற்ற எல்லாக் குரலையும் தாண்டி அவன் குரல் கேட்டது. சிக்ரூனின் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் வரவில்லை.

மூணு வருஷம் கழித்து ஓர் இலையுதிர் காலத்தில், நாட்டைக் கிழக்கும் மேற்குமாகப் பிரித்து வைத்த மதில் விழுந்தது. நாடே இல்லாமல் போயிற்று. எதற்கு விசுவாசமாக இருப்போம் என்று மற்ற பிள்ளைகள் மேடையில் சொன்னார்களோ அது மாயமாகிவிட, அவர்கள் மட்டும் படிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். "இப்ப நீயும் படிக்கலாமேடா" என்றாள் சிக்ரூன். அவனிடம் தொழில் இருந்தது, தொழில் கொடுத்த கம்பெனிதான் இல்லை. கூலிக்கு மேற்கே போனான். அந்நிய ஊர்க் கூரைகளில் பல வருஷம் ஏறி இறங்கினான். சபையில் பேர் உள்ளவர்களிடம் அரசாங்கம் வசூலிக்கிற சபை வரியைச் சம்பளச் சீட்டில் முதன்முதலாகப் பிடித்த மாதம், ஆபீசுக்குப் போய் சபையிலிருந்து பேரை எடுத்துவிட்டு வந்து அக்காவிடம் நேராகச் சொன்னான்.

"வரிக்காக எடுத்தேன்னு நெனச்சுக்கோ அக்கா. உனக்கு அது லேசா இருக்கும்."

அவ்வளவுதான். பிறகு ஒரு நாளும் அவன் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. சண்டை போட்டிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். அவன் ஊர் திரும்பினான், வீடு கட்டினான், வெகு காலம் கழித்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது, யெட்டே என்று பேர் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அக்காவைக் கூப்பிட்டான். சாப்பிடும் முன் அவள் கண்ணை மூடினால் எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார்கள். அவள் கண்ணைத் திறந்ததும் உருளைக்கிழங்கைக் கேட்டு வாங்கினார்கள்.

கோயிலில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் சிக்ரூனும் கிழவி ஓட்டிலியேயும்தான். போதகரம்மா ஒரு டஜன் ஊர்களுக்கு மேல் ஒரே காரில் சுற்றுகிறவள், அவர்கள் ரெண்டு பேருக்காகவும் அங்கி மாட்டிப் பிரசங்கம் செய்தாள். ஓட்டிலியே செத்தபின் அதுவும் நின்றது. ஒரு நாள் சபையிலிருந்து வந்து கடைசியாக ஒரு ஆராதனை நடத்தி, பைபிளையும் கிண்ணத்தையும் வெளியே எடுத்துப் போனார்கள். அதோடு அது கோயில் இல்லை, பழைய கல் கட்டடம். கூரை ஒழுகியது. ஆந்தை குடி வந்தது.

அப்போதுதான் ஊர் விழித்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், ஞாயிறன்று அந்தக் கதவை ஒரு தடவைகூடத் தள்ளிப் பார்க்காத ஜனம், "எங்க கோயிலா இடியறது?" என்று பொங்கிவிட்டது. சங்கம் ஆரம்பித்தார்கள். கேக் விற்றார்கள், பாட்டுக் கச்சேரி வைத்தார்கள், ட்ரேகர் தன் சேமிப்பிலிருந்து தாராளமாக எடுத்துக் கொடுத்தார். கட்டடத்தைச் சங்கத்தின் பேருக்கு வாங்கினார்கள். சங்கத் தலைவர் ரெனே.

ரெண்டு கோடைக்காலம் முழுக்க அவன் அந்தக் கூரையில் கிடந்தான். கூலி வாங்கவில்லை. வண்டி ஓட்டம் முடிந்ததும் சிக்ரூன் பிளம் கேக்கும் காப்பியும் எடுத்துக்கொண்டு சாரத்தின் அடியில் போய் நிற்பாள். மேலே தம்பி சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்கும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். யாரோ அவனை மேலே பிடித்து இழுக்கிறார்கள், அவனுக்கே தெரியவில்லை என்று நம்பினாள்.

"நல்ல கட்டடம் அக்கா" என்பான் இறங்கி வந்து, வாயில் கேக்கோடு. "அந்த உத்திரம் எல்லாம் ஓக் மரம். முந்நூறு வருஷம். எவன் செதுக்கினானோ, கையெடுத்துக் கும்பிடணும்."

"எவனுக்காகச் செதுக்கினான்னும் யோசிச்சுப் பாரு."

"ஆரம்பிச்சுட்டியா" என்று சிரிப்பான். அவள் தோளைத் தட்டிவிட்டு ஏணியில் ஏறுவான். அந்தச் சிரிப்பைக்கூட அவள் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டாள். ஆசைப்பட்டவள் அப்படித்தான் வைப்பாள்.

கூரை முடிந்து, சுவரில் வெள்ளை பூசி, புது ஓடுகள் வெயிலில் சிவந்து நின்ற ஏப்ரலில், அவன் அவள் வீட்டுக்கு வந்தான். முகத்தில் அடக்கமாட்டாத சந்தோஷம்.

"அக்கா, ஒரு சேதி. யெட்டேயோட உறுதிமொழி விழா இந்த வருஷம் டவுன் சினிமா தியேட்டர்ல இல்ல. நம்ம கோயில்லயே வெக்கிறோம். யெட்டே, இன்னும் மூணு புள்ளைங்க. சங்கத்துல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

சிக்ரூன் அடுப்பை அணைத்தாள்.

"எந்தக் கோயில்ல?"

"நம்ம ஊர்ல எத்தனை இருக்கு?"

"அந்த விழாவை எதுக்குக் கண்டுபிடிச்சானுங்கன்னு உனக்குத் தெரியாது? கோயிலுக்கு ஒரு புள்ளயும் போகக் கூடாதுன்னு. அதைக் கொண்டு வந்து அந்த பீடத்துக்கு முன்னாடியே வெப்பியாடா?"

"அது அந்தக் காலம் அக்கா. இப்ப யாரு உறுதிமொழி கேக்குறா? பேரு மட்டும்தான் மிச்சம். ஒரு பாட்டு, ஒரு பேச்சு, பூ, அப்புறம் வெளில சாசேஜ். யாருக்கும் எதிரா ஒண்ணுமே இல்ல."

"அதான் தெரியுதே. எதிராவும் இல்ல, எதுக்கும் இல்ல."

அவன் முகம் வாடியது. சின்னப் பையனுக்கு வாடுவதுபோலவே வாடியது. "உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்" என்றான். "முன்வரிசையில உனக்குத்தான் முதல் நாற்காலி. கோயில் நிறைஞ்சிருக்கும் அக்கா. சுவரோரம் ஆளு நிப்பாங்க. எத்தனை வருஷமா நீ அதுக்குத்தானே ஆசைப்பட்டே?"

அவன் விளையாடவில்லை. மனதாரச் சொன்னான். அவள் கோயில் நிறைய வேண்டும் என்று ஆசைப்பட்டாள், அவன் நிறைத்துக் கொடுக்கிறான். ரெண்டு கோடை அவன் அந்தக் கூரையில் காய்ந்தது ஒரு வகையில் அவளுக்காகத்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன? அவளுக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"உன்னை அந்த மேடையில ஏத்தக் கூடாதுன்னுதானேடா நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"சொல்லு. ஏத்தக் கூடாதுன்னு என் படிப்பக் குடுத்தே. எனக்கும் தெரியும்ல? குடுத்தது நான்தானே." அவன் குரலை உயர்த்தவில்லை. "அதப் பத்தி என்னிக்காவது உன்கிட்ட கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"இப்பவும் கேக்கல. வந்து உக்காரு. யெட்டேக்கு ரெண்டு வார்த்தை சொல்லு. அது போதும் எனக்கு."

"என்னத்தைச் சொல்ல?"

"உனக்கு என்ன தோணுதோ. ஜெபம்னாலும் சரி, இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவன் போனபிறகு போதகரம்மாவுக்குப் போன் போட்டாள். அந்த அம்மா எங்கேயோ ரெண்டு ஊர்களுக்கு நடுவில் காரை ஓரம் கட்டிவிட்டுப் பேசினாள். களைத்த குரல்.

"கட்டடம் நம்மளுது இல்ல சிக்ரூன். தடுக்க எனக்கு எந்த உரிமையும் இல்ல. நீங்க போங்க. நீங்களும் போகாட்டி அந்த இடத்துல யாருதான் ஜெபம் பண்ணுவாங்க?"

"நான் பண்ணினா மட்டும் என்ன ஆகும்?"

"அது எனக்கும் தெரியலை" என்றாள் போதகரம்மா. "நேர்மையா சொல்றேன், எனக்கும் தெரியலை."

ஆனால் சிக்ரூனுக்கு ஒன்று தோன்றிவிட்டது. பரமண்டல ஜெபம் ட்ரெப்லிட்ஸில் மனப்பாடமாகத் தெரிந்தது இப்போது ரெண்டே பேருக்கு. ஒருத்தி அவள். இன்னொருவன் ரெனே. பதினாலு வயதில் மனதில் ஏறியது போகாது, நாக்கு தானாகச் சொல்லும். அவள் அந்த இடத்தில் நின்று ஆரம்பித்தால், முதல் வரி முடிவதற்குள் அவன் வாய் தன்னையறியாமல் சேர்ந்துகொள்ளும். அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை. அவன் மனம் திரும்ப வேண்டாம், சபைக்கு வர வேண்டாம். அந்தக் கோயிலுக்குள், அவன் மகள் காதில் விழும்படி, அவன் குரலில் அந்த வரிகள் ஒரு தடவை கேட்டால் போதும். தான் அவனிடமிருந்து பிடுங்கியது வீணாகப் போகவில்லை என்ற நிம்மதியோடு அவள் சாகலாம். கேட்காவிட்டால்? அதை அவள் நினைக்கவில்லை.

விழா நாள் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊர் அப்படி உடுத்தி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கோயில் நிஜமாகவே நிறைந்தது, சுவரோரம் ஆள் நின்றார்கள், ரெனே சொன்னது தப்பவில்லை. பீடத்தை அப்படியே வைத்திருந்தார்கள், அதன் மேல் நாலு பூச்செண்டும் நாலு புத்தகமும். பிரசங்க மேடையில் ஸ்பீக்கர் பெட்டி. பின்னால் கதவுப் பக்கம் ஒரு சின்ன மேஜையில் ஒலிபெருக்கிக் கருவிகளை வைத்துக்கொண்டு ரெனே நின்றான், அந்த வேலையையும் அவனே எடுத்துக்கொண்டிருந்தான். ட்ரேகர் சிக்ரூனுக்குப் பக்கத்து நாற்காலி. அவள் உட்கார்ந்ததும் பாதி எழுந்து தலை வணங்கினார்.

"உன் கோயில் அழகா ஆயிடுச்சு சிக்ரூன்."

"என் கோயில் இல்ல சார்."

"எல்லாருக்கும் சொந்தம்தான்" என்று அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "அந்தக் காலம் வேற மாதிரி இருந்துச்சு. நீ அதை மனசுல வெச்சுக்கலைன்னு எனக்குத் தெரியும்." அவள் வைத்திருந்தாளா இல்லையா என்று அவர் கேட்கவில்லை.

டவுனிலிருந்து பேச்சாளர் ஒருத்தி வந்திருந்தாள், கணீரென்ற குரல். நீங்கள் எதை நம்புகிறீர்களோ அதற்காக வெளிப்படையாக நில்லுங்கள், யார் என்ன சொன்னாலும் நீங்களாகவே இருங்கள் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். யெட்டே வெளிர்நீலக் கவுனில், புது ஹீல்ஸில் தடுமாறாமல் நிற்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க சிக்ரூனுக்குப் பாசம் பொங்கியது. இந்தப் பிள்ளைமேல் என்ன குற்றம்?

அப்புறம் அவள் பேரைக் கூப்பிட்டார்கள்.

வீட்டில் கண்ணாடி முன் நின்று முன்னுரை ஒன்றைத் தயார் செய்துவைத்திருந்தாள். நான் கிறிஸ்தவள், உங்கள் எல்லாருக்கும் தெரியும், யெட்டேக்குக் கொடுக்க என்னிடம் சொந்தமாக ஒன்றுமில்லை என்று அது ஆரம்பிக்கும். மைக் முன்னால் நின்றதும் அதில் ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை. நிறைந்த கோயில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கைகளைக் கூப்பி, கண்ணை மூடாமல், கதவுப் பக்கம் நின்ற தம்பியைப் பார்த்தபடி, பரமண்டல ஜெபத்தை நேராக ஆரம்பித்தாள்.

முதல் வரி சொன்னாள். அவன் வாய் அசையவில்லை. ரெண்டாவது வரியை மெதுவாக, அவன் பிடித்துக்கொள்ள இடம் விட்டுச் சொன்னாள். அவன் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது ஞாபகம் இருந்தது, சந்தேகமே இல்லை. அடுத்தது என்ன என்று தெரிந்தவன் முகம் எப்படி இருக்கும் என்று வளர்த்தவளுக்குத் தெரியாதா? அவள் குரல் நடுங்கித் தழைந்தது. பின்வரிசைக்கு அது கேட்டிருக்காது.

ரெனே குனிந்தான். மேஜைமேல் இருந்த திருகை மெல்லத் திருப்பினான்.

சட்டென்று அவள் குரல் கோயில் முழுக்கப் பெரிதாகக் கேட்டது. புது வெள்ளைச் சுவர்களில் பட்டுத் திரும்பி அவள் காதிலேயே வந்து விழுந்தது. அவன் நிமிர்ந்து, கேட்கிறது, பேசு என்று பிரியமாகத் தலையாட்டினான். அவனால் அவளுக்குச் செய்ய முடிந்தது அதுதான், அதை அவன் நன்றாகவே செய்தான். மிச்ச வரிகளை அவள் எப்படிச் சொல்லி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. முடிவில் ஆமென் என்றாள். அத்தனை பெரிய கூட்டத்தில் அந்தச் சொல்லை இன்னொரு வாய் சொல்லவில்லை.

பிறகு ட்ரேகர் கைதட்டினார். அவரைப் பார்த்துப் பக்கத்து வரிசை தட்டியது. அப்புறம் கோயிலே கைதட்டியது, நீளமாக, மனதார. யாரோ பின்னாலிருந்து "பிரமாதம் சிக்ரூன்" என்றுகூடக் கத்தினார்கள். அவள் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பதில் அவளை யாராவது கல்லால் அடித்திருந்தால் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பாள்.

வெளியே புல்தரையில் சாசேஜ் வாசனையும் பொங்குகிற ஒயினும் போட்டோவுமாக இருந்தது. ரெனே ரெண்டு கிளாஸ்களை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தான். அவன் எதையோ சொல்ல வாயெடுக்கும்போது யெட்டே ஹீல்ஸைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு ஓடி வந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை! எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதெல்லாம் நீங்களே எழுதினதா?"

சிக்ரூனுக்கு முதலில் அந்தக் கேள்வி புரியவில்லை.

"அந்த மன்னிக்கிற இடம் இருக்குல்ல, நாங்க மத்தவங்களை மன்னிக்கிற மாதிரின்னு, அதக் கேட்டதும் மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் கேக்குறாங்க, உங்க அத்தை கவிதை எழுதுவாங்களான்னு. எனக்காக எழுதினதா அத்தை?"

பதினாலு வருஷம் இந்த ஊரில், இந்தத் தெருவில், அவள் அத்தை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வளர்ந்த பிள்ளை. சிக்ரூன் தம்பியைப் பார்த்தாள். நீ சொல். உனக்குத்தானே தெரியும். அது எழுதினதில்லை, அது என்ன, அதை நீ எங்கே கற்றாய், அதற்கு என்ன விலை கொடுத்தாய், உன் மகளுக்கு நீ சொல்.

ரெனே மகளைப் பார்த்தான். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தான்.

"ஆமா கண்ணு" என்றான். "உனக்குன்னே உக்காந்து எழுதினாங்க."

சொல்லிவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினான். காட்டிக்கொடுத்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் இல்லை என்று சொன்னால் மகள் அடுத்த கேள்வி கேட்பாள், அப்பா ஏன் பொய் சொன்னார் என்பாள், அப்புறம் சமையலறை மேஜையும் ட்ரேகரின் தொப்பியும் கப்பல் படிப்பும் எல்லாம் இந்தப் புல்தரையில் சாசேஜுக்கு நடுவில் வந்து விழும். சிக்ரூனுக்கு அது எல்லாம் ஒரு நொடியில் தெரிந்தது. மேல்படிப்பு போகும் என்றபோது அவள் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. தம்பியின் எதிர்காலம் போகும் என்றபோதும் மறுதலிக்கவில்லை. இப்போது அவளை யாரும் மிரட்டவில்லை. எல்லாரும் அவள்மேல் பிரியமாக இருந்தார்கள்.

"எனக்கு போன்ல அனுப்புவீங்களா அத்தை? என் ரூம்ல எழுதி மாட்டிக்கிறேன். கீழ உங்க பேரு போட்டு."

"அனுப்புறேன் கண்ணு" என்றாள் சிக்ரூன்.

ரெனே நிம்மதியாக மூச்சு விட்டு, அவள் கையில் ஒயின் கிளாஸைக் கொடுத்தான்.